சேலை கட்டிய நியூசிலாந்துச் செடி

அக்காவிடம் எப்போது என்று கேட்கலாம், எங்கே என்று கேட்கலாம், எவ்வளவு என்றும் கேட்கலாம். ஏன் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் கோபிக்க மாட்டார். கேட்டவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கையில் இருக்கும் வேலையைத் தொடர்வார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் அடுத்த வெங்காயத்தை எடுப்பார். முதல் தடவை பதில் வரும் என்று நம்பி ஏழெட்டு வெங்காயம் வரை காத்திருந்தேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவரைப் பற்றி எழுதுவதே தப்பு. அது தெரிந்துதான் எழுதுகிறேன். என்ன தப்பு என்பது கடைசிக்குள் விளங்கிவிடும்.

ஜெர்மனியில் வடகடல் ஓரத்தில் இருக்கும் குக்ஸ்ஹாஃபனில் நான் ஏறக்குறைய ஐந்து வருடம் இருந்தேன். காற்றாலை இறக்கைகளில் விரிசல் தேடும் வேலை. தூத்துக்குடிக்காரனுக்குக் கடல் புதிதல்ல. ஆனால் இந்தக் கடல் நாளுக்கு இரண்டு முறை வீட்டைக் காலி செய்துகொண்டு போகிற மாதிரி உள்வாங்கிப் போய்விடும். முதல் மூன்று மாதம் தமிழ்க் குரலே காதில் விழவில்லை. ஒருநாள் பேருந்தில் முன் இருக்கையில் ஒரு அம்மாள் தொலைபேசியில், ஆமாம் என்பதற்கு ஈழத்தில் சொல்கிற மாதிரி, "ஓம், ஓம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, "நீங்க எந்த ஊர்க்கா?" என்றேன். யாழ்ப்பாணமோ வவுனியாவோ என்று எதிர்பார்த்தேன்.

"பின் தெருவிலை இருக்கிறன்" என்றார் அக்கா.

அது உண்மைதான். என் வீட்டுக்குப் பின் தெருவில்தான் இருந்தார். இரண்டாம் மாடி, ஒரே அறை, ஒரே சன்னல், சன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். மீன் பதப்படுத்தும் கூடத்தில் அதிகாலை முதல் மதியம் வரை மீன் அரிவார். கை விறைக்காமல் இருக்க இரண்டு உறை போட்டுக்கொள்வார். வயது ஐம்பத்தைந்து இருக்கலாம். ஜெர்மனிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது என்பதைக்கூட அவர் எனக்குச் சொல்லவில்லை, நானாகக் கணக்குப் போட்டேன். சாமி கும்பிடுவாரா, சர்ச்சுக்குப் போவாரா, கல்யாணம் ஆனவரா, எதுவும் எனக்குத் தெரியாது. இருந்தும் சனிக்கிழமைதோறும் அவர் வீட்டில் சாப்பிட்டேன். மீன் குழம்பு வைப்பார். தினமும் மீனோடு மல்லுக்கட்டிவிட்டு ஏன் வீட்டிலும் மீன் என்று ஒருமுறை கேட்டேன். அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

ஒருமுறை கறிவேப்பிலையும் பச்சரிசியும் வாங்க இருவரும் ரயிலில் ஹம்பர்க் போனோம். எங்கள் பெட்டியில் வெப்பமூட்டி வேலை செய்யவில்லை என்று பரிசோதகரே அக்காவை முதல் வகுப்பில் போய் உட்காரச் சொன்னார். நான் கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் இன்னொரு பரிசோதகர் வந்து, இரண்டாம் வகுப்புச் சீட்டை வைத்துக்கொண்டு இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஒரு வரி சொன்னால் போதும். அக்கா எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, குளிர்ந்த பெட்டிக்கே போய்விட்டார். நான் ஓடிப்போய் அந்தப் பரிசோதகரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் மனம் வருந்தி மன்னிப்புக் கேட்டார். என்னிடம் கேட்டார். அக்கா சன்னல் வழியாக மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். விளக்கம் சொல்வதில் எனக்கு இருந்த ஆசையை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும்.

செடிக்கு வருகிறேன்.

கடல் தடுப்புக் கரைக்குப் பின்னால் தோட்டச் சங்கம் ஒன்று உண்டு. பெரிய நிலத்தைத் துண்டு துண்டாக வேலி போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு குடிலோடு குத்தகைக்கு விடுவார்கள். அதற்கான விதிகள் ஒரு புத்தகமாக இருக்கும். மூன்றில் ஒரு பங்கில் காய்கறி போட வேண்டும். வேலி இடுப்பைத் தாண்டக் கூடாது. மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்றுவரை சுத்தியல் சத்தம் கூடாது. அக்கா ஆறு வருடம் பட்டியலில் காத்திருந்து ஒரு துண்டு வாங்கியிருந்தார். வேலை முடிந்ததும் மீன் வாடையோடு நேரே அங்கே போவார். மழையோ காற்றோ, ஒருநாளும் தவறியதில்லை. சில நாள் ஒரு வேலையும் செய்யாமல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சும்மா நிற்பார். அந்த நிலம் போனால் இந்த ஊரில் அவருக்குப் போய் நிற்பதற்கு வேறு இடம் கிடையாது. அதை அவர் சொல்லவில்லை, நிற்கும்போது பார்த்தாலே தெரியும்.

அதில் உருளைக்கிழங்கு, லீக்ஸ் என்கிற தடித்த வெங்காயத்தாள், குடிலுக்குள் மிளகாய். நடுவில் நியூசிலாந்து ஆளி. கடையில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டதை வாங்கி வந்தார். ஆளி என்று பெயரே தவிர, ஆளி விதைக்கும் இதற்கும் உறவில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பார்த்தால் நம் ஊர்த் தாழை மாதிரி. வாள் வாளாக இலைகள், முள் கிடையாது, வருடம் முழுக்கப் பச்சை. நன்றாக வளர்ந்தால் ஆள் உயரம் நிற்கும். உப்புக் காற்று மற்றச் செடிகளின் முகத்தில் அறைந்துகொண்டிருக்கும்போது இது பாட்டுக்குச் சலசலத்துக்கொண்டிருக்கும்.

முதல் வருடம் நடந்த தவறு எங்கள் இருவருக்கும் பொதுவானது. மழைக்குக் கூரையில் தார்ப்பாய் போடுகிற ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாங்கள். குளிர் வந்ததும் செடியை பிளாஸ்டிக் தாளால் இறுக்கச் சுற்றி, காற்று நுழையாதபடி கயிறு கட்டினோம். பங்குனியில் பிரித்தபோது நடுக்குருத்து கையோடு வந்துவிட்டது. நாற்றம் மீன் கூடத்தைத் தோற்கடித்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், தூர்வாரும் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வேலிக்கு அப்பால் நின்று தலையை ஆட்டினார். இதைக் கடற்கரைக் குளிர் கொல்லாது, குருத்தில் தேங்குகிற தண்ணீர்தான் கொல்லும் என்றார். இலைகளைச் சேர்த்து நிமிர்த்திக் கட்ட வேண்டும், அடியில் வைக்கோலும் சருகும் குவிக்க வேண்டும், சுற்றி நாணல் பாய், மேலே மழைக்கு ஒரு மூடி, ஆனால் மூச்சுவிட இடம் வேண்டும். அக்கா கேட்டுக்கொண்டு, அடுத்த வாரமே இன்னொரு செடி வாங்கினார்.

அடுத்த கார்த்திகையில் அக்கா பெரியவர் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தார். வைக்கோல், சருகு, நாணல் பாய் எல்லாம் ஆயிற்று. பாயைக் கட்டக் கயிறு வாங்கவில்லை. வீட்டிலிருந்து பழைய மஞ்சள் நூல் சேலை ஒன்றைக் கொண்டுவந்து, மேலிருந்து கீழே சுற்றி, நுனியைக் கொசுவம் மாதிரி மடித்துச் செருகினார். மழைக்கு மூடியாக ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்தார். அது காற்றில் பறக்காமலிருக்கச் சிவப்பு நாடா கட்டினார். இரண்டு குளிர்காலம் செடி அந்த அலங்காரத்துக்குள் சுகமாக இருந்தது. வாயிலில் நின்று பார்த்தால், வெள்ளிக் கிரீடம் வைத்து மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாம் குளிர்காலம், கிறிஸ்துமஸ் விடுமுறையில், அக்காவுக்குத் தூரத்து உறவான ஒரு குடும்பம் ஹம் நகரத்திலிருந்து கடல் பார்க்க வந்தது. கடல் அன்று உள்வாங்கியிருந்ததால் தோட்டத்துக்கு வந்தார்கள். அந்த வீட்டு அம்மா வாயிலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். பனியில் வெறுங்காலோடு போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, கைப்பையிலிருந்து குங்குமம் எடுத்து, கிண்ணத்துக்குக் கீழே, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "எவ்வளவு காலமா வைச்சுக் கும்பிடுறீங்கள், அக்கா?" என்றார்.

"மூண்டு வருசமா நிக்குது" என்றார் அக்கா. மூன்றாவது குளிர்காலம், பதில் சரி.

மௌனம் சம்மதம் என்பதை நம் ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. படம் வாட்ஸப்பில் போயிற்று. தை மாதத்தில் பிரேமனிலிருந்து இரண்டு கார் வந்தது. யாரோ தேங்காய் உடைத்தார்கள். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள், காய்ந்த நாணல் பாயிலிருந்து ஒரு முழ தூரத்தில். ஒருவர் மகளுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்ததென்று பட்டுத்துண்டு ஒன்றைச் சாத்திவிட்டுப் போனார். இவர்களிடம் இது செடி என்று சொல்லிவிடுங்களேன் என்று நான் அக்காவிடம் கெஞ்சினேன். "கும்பிடுறவை கும்பிட்டிட்டுப் போகட்டும்" என்றார். பட்டுத்துண்டு ஈரத்தை இழுக்கும் என்று மட்டும் அதை எடுத்து மடித்து வைத்தார்.

சங்கத்திலிருந்து முதல் கடிதம் வந்தது. தோட்டத்தில் வழிபாட்டு இடம் அமைத்திருப்பதாகவும், வெளியார் கூடுவதாகவும், நெருப்புப் பற்றவைப்பதாகவும் புகார், காரணம் கூறவும். அக்கா அதை மேசை இழுப்பறையில் வைத்தார். இரண்டாவது வந்தது, அதையும் அங்கே வைத்தார். மூன்றாவதில், நிர்வாகக் குழு முன் விளக்கம் தராவிட்டால் குத்தகை ரத்து என்று தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் தானே ஒரு சாட்சிக் கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார். அக்கா அவருக்கு ஒரு பை உருளைக்கிழங்கு கொடுத்தார், கடிதம் வேண்டாம் என்றார்.

என்னிடம், "செவ்வாய்க்கிழமை ஒரு டெர்மின் இருக்கு. என்னோட வாறீங்களோ?" என்றார். டெர்மின் என்றால் நேரம் குறித்த சந்திப்பு. மொழிபெயர்க்கவா என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. என் ஜெர்மன் அவருடைய ஜெர்மனின் கால் தூசு பெறாது.

"சும்மா பக்கத்திலை இருந்தாக் காணும்" என்றார். இருந்தால் போதுமாம்.

அதற்கு முந்தின ஞாயிறு, குடிலுக்குள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நான் பொறுமை இழந்து கேட்டேன்: "ஒரு லைன் சொன்னா முடிஞ்சிரும்க்கா. இது செடி, குளிருக்குக் கட்டியிருக்கேன்னு. அவ்ளோ சிம்பிள். ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

பழக்கப்படி கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அது அப்படியே முடியும் என்றுதான் நினைத்தேன்.

"வந்த புதுசிலை அகதி விசாரணை எண்டு ரெண்டு நாள் இருத்தி வைச்சுக் கேட்டவை, தம்பி. ஏன் வந்தனீ, ஏன் அந்த வழியால வந்தனீ, ஏன் முதலே வரேல்லை எண்டு. நான் எல்லாம் சொன்னனான். என்ர தங்கச்சிக்கு நடந்ததையும் சொன்னனான். அம்மாவுக்கும் சொல்லாததை. இருபத்தேழு பக்கம் அடிச்சு எடுத்தவை. பிறகு நம்பத்தகாதது எண்டு ஒரு கடிதம் வந்தது."

பிறகு எப்படி இங்கே இருக்க விட்டார்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது பிறகு, வேற சட்டத்திலை. நான் சொன்னதுக்காக இல்லை." எழுந்து கோப்பைகளைக் கழுவினார். "அதுக்குப் பிறகு நான் ஒருத்தருக்கும் ஒண்டுக்கும் காரணம் சொல்லுறதில்லை."

செவ்வாய்க்கிழமை சங்கக் கட்டிடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்கில் காப்பி, தட்டில் வெண்ணெய் பிஸ்கட். தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர், நல்ல மனிதர், விதிப்புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். அச்செடுத்த படங்களை மேசையில் பரப்பினார்: மஞ்சள் சேலை, குங்குமம், தேங்காய் மூடி, கற்பூரச் சுடர். எல்லோரும் குனிந்து பார்த்தோம். உண்மையைச் சொன்னால், படத்தில் அவள் தெய்வமாகத்தான் தெரிந்தாள்.

"இது செடியா, கடவுளா?" என்று கேட்டார் தலைவர்.

"யா" என்றார் அக்கா. ஆமாம் என்று அர்த்தம்.

தலைவர் அதை எழுதிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். குருத்தில் தண்ணீர் தேங்குவது, நாணல் பாய், கிண்ணம், ஹம்மிலிருந்து வந்தவர்கள், எல்லாவற்றையும் உடைந்த ஜெர்மனில் சொன்னேன். அவர்கள் முகம் இளகியது. ஒருவர் சிரித்தேவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொருளாளராக இருந்த அம்மாள், அப்படியானால் மூன்று கடிதங்களுக்கும் ஏன் பதில் இல்லை, விதிப்படி அதுவே ரத்துக்குப் போதுமே என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தார். நிலம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவர் மண்வெட்டியோடு நிற்கிற இடம்.

சொல்லிவிட்டேன். இரண்டு நாள், இருபத்தேழு பக்கம், தங்கச்சி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்காவது ஊதத் தெரிந்திருக்கும். நான் சொல் சொல்லாகத் தடவித் தடவிச் சொன்னேன். அந்தக் கடைசிக் கடிதத்தில் இருந்த வார்த்தை, நம்பத்தகாதது என்பதற்கு ஜெர்மனில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. கையை ஆட்டிக்கொண்டு தேடினேன்.

"உன்கிளௌப்வூர்டிக்" என்று எடுத்துக் கொடுத்தார் அக்கா. என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு. அன்றைக்கு அவர் அங்கே பேசியது அந்த 'யா'வும் இந்த ஒரு வார்த்தையும்தான்.

பொருளாளர் அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். தலைவர் புத்தகத்தை மூடினார். ஐந்து கைகளும் ஒன்றாக உயர்ந்தன. நிலம் அக்காவுக்கே.

பேருந்து நிறுத்தத்தில் காற்று ஆளைத் தள்ளியது. ஒளிப்பானேன், நான் ஒரு நன்றியை எதிர்பார்த்துத்தான் நின்றேன். ஜெயித்துக் கொடுத்த வக்கீல் மாதிரி.

"அண்டைக்கு நான் உங்களோட கதைச்சனான், தம்பி" என்றார் அக்கா. "நீங்கள் அதைக் கொண்டுபோய் அங்கை காரணமா வைச்சிட்டீங்கள்."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். மன்னிப்பிலும் ஏன் என்பதுதான் முதலில் வந்தது: நிலம் போய்விடுமே என்றுதான், உங்கள் நல்லதுக்குத்தான். "பஸ் வருது" என்றார். ஏறி உட்கார்ந்தோம். சனிக்கிழமை சாப்பாடு நின்றது. நிற்கிறது என்று அவர் சொல்லவில்லை. கதவைத் தட்டினால் திறப்பார், உட்காரச் சொல்வார், தேத்தண்ணீர் தருவார். அடுப்பு மூட்டியிருக்காது.

சங்கத்தில் அவர்மீது எல்லோருக்கும் அன்பு பொங்கியது. ஜெர்மனியில் பரிதாபம் கேக் வடிவத்தில் வரும். ஆப்பிள் கேக், பிளம்ஸ் கேக், கசகசா கேக். தட்டோடு வேலியருகே வந்து தலையைச் சாய்த்து, எப்படி இருக்கிறீர்கள் என்று இரண்டு முறை கேட்பார்கள். முதல் முறை சாதாரணமாக, இரண்டாம் முறை கையைப் பிடித்துக்கொண்டு. கோடை விழாவில் அவர் தன் கதையைப் பத்து நிமிடம் சொல்ல முடியுமா என்று தலைவர் கேட்டார். புதிதாக வருகிறவர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டும்போது அந்த வாயிலருகே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். முன்பெல்லாம் அவர் விசித்திரமான செடி வைத்திருக்கிற பெண். இப்போது செடியை ஒருவரும் பார்ப்பதில்லை.

ஒரு சனிக்கிழமை நான் போனபோது அக்கா கேக் தட்டுகளைக் கழுவித் துடைத்து, உரியவர்களின் வாயிலில் வைத்துக்கொண்டு வந்தார். நம் வீடுகளில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்ப மாட்டோம், ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். அக்கா அதில் கறாரானவர், எவருடைய கிண்ணமும் அவரிடமிருந்து நாலு மிளகாய் இல்லாமல் போனதில்லை. அன்றைக்கு ஒவ்வொரு தட்டும் பளபளவென்று வெறுமையாக இருந்தது. ஜெர்மன்காரர்கள் என்ன சுத்தம் என்று மகிழ்ந்திருப்பார்கள்.

ஆனி மாதம் அவர் குத்தகையை விட்டார். ஆறு வருடம் காத்திருந்து வாங்கிய நிலத்தை ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிட்டார். தலைவர் என்னை அழைத்து, ஏதாவது மனக்குறையா, நாங்கள் எல்லோரும் அவ்வளவு அன்பாக இருந்தோமே, ஏன் என்று கேட்டார். தெரியாது என்றேன். இலையுதிர் காலத்தில் வீட்டையும் காலி செய்தார். வுப்பர்டாலுக்குப் போனதாக மீன் கூடத்தில் ஒருவர் சொன்னார். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினால் படித்ததற்கு அடையாளமாக நீலக்குறி மட்டும் விழும்.

நானும் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன், போன வசந்தத்தில் ஒருமுறை அங்கே நடந்துபோனேன். நிலத்தை இளம் தம்பதி எடுத்திருந்தார்கள். செடி நன்றாக நின்றது, அதன் அடியில் அந்தப் பெண் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் வேலியருகே நின்று பார்ப்பதைக் கண்டு எழுந்து வந்தாள். இதற்கு ஒரு கதை இருக்கிறது, தெரியுமா என்று குரலைத் தாழ்த்தினாள். இதை நட்ட அம்மாள் போரிலிருந்து தப்பி வந்தவராம்; அவருடைய மகளுக்கு நடந்ததை நூறு பக்கம் எழுதிக் கொடுத்தாராம்; ஒருவரும் நம்பவில்லையாம்.

மகள் இல்லை, தங்கச்சி என்று நாக்கு நுனி வரை வந்தது. இதை உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"குறிப்பாக யாரும் இல்லை" என்றாள் அவள். "இங்கே எல்லோருக்கும் தெரியும்."